லார்ட் ராபர்ட்ஸின் பதக்கங்கள்: எது வீரத்துக்கு, எது வருகைப் பதிவுக்கு?

கேட்கப்பட்ட கேள்வி இது: விக்டோரியா ராணி காலத்து பிரிட்டிஷ் பீல்டு மார்ஷல் லார்ட் ராபர்ட்ஸின் படங்களில் மார்பு முழுக்கப் பதக்கங்கள் தெரிகின்றனவே, அத்தனையும் வீரச் செயலுக்குக் கிடைத்தவையா? அவருடைய குதிரைக்குக்கூடப் பதக்கம் கொடுத்தார்கள் என்கிறார்களே, உண்மையா?

குதிரைக்குக் கொடுத்தது உண்மைதான், அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: அந்த வரிசையில் வீரத்துக்கென்றே கொடுக்கப்பட்டது ஒன்றே ஒன்று, விக்டோரியா கிராஸ். மற்றவற்றில் ஒரு பகுதி போர்ப் பதக்கங்கள். பள்ளிக்கூட வருகைப் பதிவேடு போல, "இந்தப் போர் நடந்தபோது இவர் அங்கே இருந்தார்" என்பதற்கு மேல் அவை எதுவும் சொல்வதில்லை. இன்னொரு பகுதி, பதவி உயர உயரத் தேடி வந்து சேரும் நட்சத்திரங்கள். மிச்சம், ராணியின் ஆட்சி விழா, மன்னரின் முடிசூட்டு விழா என்று அரண்மனைக் கொண்டாட்டங்களின் நினைவாகக் கிடைத்தவை. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல் மின்னும். பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், ஒரு மனிதரின் அறுபதாண்டு வாழ்க்கையை மட்டுமல்ல, அந்தச் சாம்ராஜ்யம் யாரை மதித்தது, யாரை ஒதுக்கியது என்பதையும் அதே உலோகத்தில் படிக்கலாம்.

பிரடெரிக் ஸ்லே ராபர்ட்ஸ் பிறந்தது இங்கிலாந்தில் அல்ல, கான்பூரில், 1832 செப்டம்பர் 30 அன்று. அப்பா ஏப்ரஹாம் ராபர்ட்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் தளபதி. பூர்வீகம் அயர்லாந்தின் வாட்டர்போர்டு. பையன் ஆள் குள்ளம். சின்ன வயதில் வந்த மூளைக்காய்ச்சல் வலது கண்ணின் பார்வையைப் பறித்துவிட்டது. இன்றைய ராணுவ ஆள்சேர்ப்பு முகாமில் நிறுத்தினால் மருத்துவர் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார். அந்தக் காலத்துக் கம்பெனி அப்படிப் பார்க்கவில்லை. ஈட்டன், சாண்ட்ஹர்ஸ்ட், பிறகு கம்பெனியின் சொந்தப் பயிற்சிப் பள்ளியான அடிஸ்கோம் என்று படித்துவிட்டு, 1851 டிசம்பரில் வங்காளப் பீரங்கிப் படையில் சேர்ந்தார். பெஷாவரில் சில காலம் அப்பாவுக்கே உதவி அதிகாரி.

1857 வந்தது. தில்லி முற்றுகையில் ஜூலை 14 அன்று ஒரு குண்டு அவர் முதுகெலும்பை ஒட்டிப் பாய்ந்தது. இடுப்பில் கட்டியிருந்த தோல் பை நழுவிப் பின்பக்கம் போயிருந்தது. குண்டின் வேகத்தை அது வாங்கிக்கொண்டதால் பிழைத்தார். நவம்பரில் லக்னோ. உள்ளே சிக்கியிருந்த பிரிட்டிஷாருக்கு உதவிப்படை எதுவரை வந்துவிட்டது என்று காட்ட, மெஸ் ஹவுஸ் என்ற அதிகாரிகளின் உணவுக்கூடக் கட்டடத்தின் உச்சியில் கொடி ஏற்றச் சொன்னார் தளபதி காலின் கேம்பெல். ராபர்ட்ஸ் ஏற்றினார். சுட்டு வீழ்த்தினார்கள். மறுபடி ஏற்றினார், மறுபடி வீழ்ந்தது. மூன்றாம் முறை நின்றது. கதையாகச் சொல்ல இதைவிடத் தோதான சம்பவம் கிடையாது. ஆனால் அவருக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது இதற்கல்ல.

அது கிடைத்தது 1858 ஜனவரி 2 அன்று, பருக்காபாத் பக்கம் குதாகஞ்ச் என்ற ஊரில். பின்வாங்கிப் போன சிப்பாய்களைக் குதிரைப்படை துரத்திக்கொண்டிருந்தது. துப்பாக்கிமுனைக் கத்தியோடு திரும்பி நின்ற ஒரு சிப்பாய், குதிரைப்படையைச் சேர்ந்த ஓர் இந்திய சவாரை நெருங்கவிடாமல் மடக்கி வைத்திருந்தார். ராபர்ட்ஸ் பாய்ந்து போய் ஒரே வெட்டில் அந்தச் சிப்பாயைக் கொன்றார். அதே நாளில், கொடியோடு கிராமத்துக்குள் நுழையப் போன இரண்டு சிப்பாய்களை விரட்டிப் பிடித்தார். இருவரும் திரும்பித் துப்பாக்கியை நீட்டினார்கள். ஒருவர் விசையை இழுத்தார். மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு மட்டும் பொரிந்தது, மருந்து பற்றவில்லை. கொடி பிடித்திருந்தவரை வெட்டி வீழ்த்திவிட்டுக் கொடியைக் கைப்பற்றினார். அந்தத் துப்பாக்கி ஒழுங்காக வெடித்திருந்தால் இந்தப் பதிலுக்கே வேலையில்லை. வயது இருபத்தைந்து. 1858 டிசம்பர் 24 அன்று அரசிதழில் அறிவிப்பு வந்தது. 1859 ஜூனில் பக்கிங்ஹாம் அரண்மனையில் விக்டோரியா ராணி தன் கையாலேயே குத்திவிட்டார்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். விக்டோரியா கிராஸ் உருவானது 1856 ஜனவரியில், கிரிமியப் போரையொட்டி. அப்போது அது ராணியின் சொந்தப் படைக்கு மட்டும்தான். ராபர்ட்ஸ் ராணியின் ஆள் அல்ல, கம்பெனியின் ஆள். கம்பெனிப் படையின் அதிகாரிகளுக்கும் வீரர்களுக்கும் அதை விரித்து ஆணை வந்தது 1857 அக்டோபரில், அதாவது குதாகஞ்ச் சண்டைக்கு வெறும் இரண்டு மாதங்களுக்கு முன். ஆனால் அந்த விரிவுக்குள் கம்பெனிப் படையின் வெள்ளையர்கள்தான் அடங்கினார்கள். அவர் காப்பாற்றிய அந்த சவார், நிலைமை தலைகீழாக இருந்து ராபர்ட்ஸைக் காப்பாற்றியிருந்தாலும், விக்டோரியா கிராஸ் பெற்றிருக்க முடியாது. இந்தியர்களுக்குத் தனியாக 1837 முதல் ஆர்டர் ஆப் மெரிட் என்ற விருது இருந்தது. கூடுதல் சம்பளமும் உண்டு. மதிப்பில்லாத விருது அல்ல அது, ஆனால் பந்தி வேறு. அந்த வேலி 1911 டிசம்பர் தில்லி தர்பாரில்தான் நீங்கியது. 1857 கிளர்ச்சிக்காக வழங்கப்பட்ட விக்டோரியா கிராஸ்கள் 182. அத்தனையிலும் ஓர் இந்தியச் சிப்பாயின் பெயர் கிடையாது.

போர்ப் பதக்கங்களுக்கு வருவோம். இவற்றில் ரிப்பனை விட, ரிப்பனின் மேல் குறுக்காகக் கோர்த்திருக்கும் சின்ன உலோகப் பட்டைகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கிளாஸ்ப் என்பார்கள். பதக்கம் எந்தப் போர் என்று சொல்லும். கிளாஸ்ப் எந்தச் சண்டை என்று சொல்லும். ராபர்ட்ஸின் 1857 பதக்கத்தில் மூன்று: தில்லி, லக்னோ மீட்பு, லக்னோ. அதற்கு அடுத்த 1854 இந்தியப் பொதுச் சேவைப் பதக்கம் ஒரு விசித்திரமான பிராணி. பெயரில் 1854 இருந்தாலும் நாற்பது வருஷம் அதே பதக்கத்தையே கொடுத்து வந்தார்கள். புதிதாக எல்லைப் போர் ஒன்று நடந்தால் புதுப் பதக்கம் கிடையாது, பழைய ரிப்பனில் இன்னொரு கிளாஸ்ப் ஏறும், அவ்வளவுதான். ராபர்ட்ஸின் பதக்கத்தில் 1863இன் அம்பேலாவும், 1871-72இன் லுஷாயும், பிறகு 1885-87இன் பர்மாவும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. வடமேற்கு எல்லையும் இன்றைய மிசோரமும் மாண்டலேவும் ஒரே வெள்ளிவட்டத்தில்.

போர்ப் பதக்கம் வீரத்துக்கு அளவுகோல் அல்ல என்பதற்கு 1868 அபிசீனியப் (இன்றைய எத்தியோப்பியா) பதக்கத்தை விடச் சிறந்த சாட்சி கிடையாது. ராபர்ட்ஸ் அந்தப் போரில் சூலா துறைமுகத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்து, கப்பலிலிருந்து இறங்கும் சரக்கைக் கணக்குப் பார்த்து மலைமேல் அனுப்பிக்கொண்டிருந்தார். கடைசிச் சண்டை நடந்த மக்தலாக் கோட்டையை அவர் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் பதக்கம் உண்டு. கோட்டைச் சுவரில் ஏறியவனுக்குக் கிடைத்த அதே பதக்கம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. தண்ணீரும் தீவனமும் மூட்டை முடிச்சும் போய்ச் சேராவிட்டால் எந்தக் கோட்டையும் விழாது. பிற்காலத்தில் ராபர்ட்ஸ் பெரிய தளபதியானதே இப்படி இருபது வருஷம், படையின் தங்கலையும் போக்குவரத்தையும் கவனிக்கும் குவார்ட்டர்மாஸ்டர் அலுவலகத்தில் ஒட்டகத்தையும் கோதுமையையும் எண்ணிக் கற்றதால்தான் என்பது என் கருத்து. அழகில் அந்தக் காலப் பதக்கங்களில் இந்த அபிசீனியப் பதக்கத்துக்குத்தான் முதலிடம் தருவேன். நட்சத்திர முனைகளுக்கிடையே ஒவ்வோர் எழுத்தாக 'அபிசீனியா' என்று ஓடும். பெறுபவரின் பெயர் பெரும்பாலும் பின்பக்க நடுவில் புடைப்பெழுத்தாக இருக்கும். அப்படித் தனித்தனியாகச் செய்ய வேண்டியிருந்ததால் செலவு எகிறியது.

அவரை உலகம் அறிந்தது இரண்டாம் ஆப்கன் போரில். 1878 டிசம்பர் 2 அன்று பெய்வார் கோட்டலில், எதிரி காத்திருந்த கணவாயை நேராக முட்டாமல், இரவோடு இரவாகப் பக்கவாட்டு மலையில் படையை ஏற்றி வென்றார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் காபூலில் பிரிட்டிஷ் தூதர் கவஞாரி கொல்லப்பட்டதும் தண்டனைப் படையோடு கிளம்பினார். அக்டோபர் 6 சாராசியா சண்டை, பிறகு காபூல். அங்கே அவர் அமைத்த ராணுவ விசாரணைகளில் 87 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். தங்கள் நாட்டுக்குள் புகுந்த படையை எதிர்த்துப் போரிட்டதையே குற்றமாகக் கொண்டும் சிலருக்குத் தண்டனை கொடுத்தது, லண்டனிலேயே கடுமையான கண்டனத்தைக் கிளப்பியது. எந்தக் கிளாஸ்பிலும் இது எழுதியிருக்காது. பதக்கத்தை மட்டும் வைத்து வரலாறு படிப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

1880 ஜூலை 27 அன்று மைவாண்டில் ஆப்கன் தளபதி அயூப் கான் பிரிட்டிஷ் படையை நொறுக்கினார். மிஞ்சியவர்கள் காந்தஹாருக்குள் முடங்கினார்கள். ராபர்ட்ஸ் சுமார் பத்தாயிரம் வீரர்களோடும், அதற்குக் கொஞ்சம் குறைவான கூலிகள், டோலி தூக்கிகள், சமையல்காரர்களோடும் ஆகஸ்ட் இரண்டாம் வாரம் காபூலை விட்டுப் புறப்பட்டு, ஆகஸ்ட் 31 அன்று காந்தஹார் சேர்ந்தார். 300 மைலுக்கு மேல், ஆகஸ்ட் வெயிலில். படையில் பெரும்பங்கு சீக்கியர், கூர்க்கா, பஞ்சாபி என்று இந்தியத் துருப்புகள்தான். கடைசி நாட்களில் ராபர்ட்ஸுக்கே காய்ச்சல். டோலியில் சுமந்து வந்தார்கள். ஊர் நெருங்கியதும் இறங்கிக் குதிரையில் ஏறிக்கொண்டார். மறுநாளே சண்டை, அயூப் கான் படை கலைந்தது.

இங்கிலாந்து பைத்தியம் பிடித்த மாதிரிக் கொண்டாடியது. அந்த அணிவகுப்புக்கென்றே தனிப் பதக்கம் அடித்தார்கள்: காபூல்-காந்தஹார் நட்சத்திரம். வெள்ளி அல்ல, காந்தஹார் சண்டையில் பிடித்த பீரங்கிகளை உருக்கிய வெண்கலம். வானவில் நிற ரிப்பன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதே வருஷம் ஏப்ரலில் டொனால்ட் ஸ்டூவர்ட் அதே பாதையில் எதிர்த்திசையில், காந்தஹாரிலிருந்து காபூல் பக்கம் படை நடத்தினார்; வழியில் அகமது கேலில் பெரிய சண்டையே நடந்தது. ராபர்ட்ஸுக்கு வழியில் சொல்லும்படியான எதிர்ப்பே இல்லை. ஸ்டூவர்ட்டின் ஆட்களுக்கு ஒரு கிளாஸ்ப் கிடைத்தது, நட்சத்திரம் இல்லை. செய்தித்தாள் எதைக் கொண்டாடுகிறதோ அதற்குத்தான் உலோகம் உருகும். ராபர்ட்ஸுக்கும் இது தெரிந்திருந்தது. காந்தஹார் நடையை விட முந்தைய வருஷம் காபூல் மேல் படையெடுத்ததுதான் கடினமான வேலை என்று தன் நினைவுக்குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார்.

இப்போது குதிரை. வோனோலெல் என்று பெயர். லுஷாய் மலைத் தலைவர் ஒருவரின் பெயரை வைத்திருந்தார். வெளிர்நிற அரபுக்குதிரை, 1877இல் பம்பாயில் வாங்கியது. ஆப்கன் போர் முழுக்க ராபர்ட்ஸை அதுதான் சுமந்தது. விக்டோரியா ராணி அதற்கு நான்கு கிளாஸ்புகளோடு ஆப்கன் பதக்கமும், காபூல்-காந்தஹார் நட்சத்திரமும், பிறகு 1897 வைரவிழாப் பதக்கமும் கொடுத்தார். நான்கு கிளாஸ்ப் என்பது அந்தப் பதக்கத்தில் யாருக்கும் கிடைத்த உச்சபட்ச எண்ணிக்கை. வைரவிழா ஊர்வலத்தில் கழுத்தில் பதக்கங்கள் ஆடக் குதிரை நடந்தபோது, லண்டன் கூட்டம் மேலே இருந்தவருக்கும் கீழே இருந்ததற்கும் சேர்த்தே ஆரவாரம் செய்தது. 1899இல் டப்ளினில் இறந்தது. கில்மைனம் ராயல் ஆஸ்பத்திரித் தோட்டத்தில் கல்லறை இன்றும் இருக்கிறது. சிரிக்கலாம், தவறில்லை. ஆனால் போர்ப் பதக்கத்தின் விதிப்படி பார்த்தால் குதிரையின் உரிமை கனகச்சிதம்: அது அங்கே இருந்தது.

நம் பக்கத்துக் கதை இனிமேல்தான். 1881 முதல் 1885 வரை ராபர்ட்ஸ் மதராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதி. கோடையில் ஊட்டி, குளிர்காலத்தில் மாகாணம் முழுக்கச் சுற்றுப்பயணம். அந்தப் பயணங்களின் முடிவில் அவர் வந்த தீர்மானம், நீண்ட கால அமைதியில் தென்னிந்தியச் சிப்பாயின் போர்க்குணம் செத்துவிட்டது என்பது. அவர்களுடைய முன்னோர்கள் ஹைதர், திப்பு, மராத்தியப் போர்களில் கம்பெனிக்காகச் சண்டையிட்டதை அவர் மறுக்கவில்லை. இப்போதைய ஆட்கள் அப்படியில்லை என்றார். 1885இல் இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதியானதும் அதைக் கொள்கையாகவே நடத்தினார். சீக்கியர், கூர்க்கா, பட்டாணியர், டோக்ரா ஆகியோரே 'போர்க்குடிகள்'. மதராஸ் படைப்பிரிவுகளைக் குறைக்க வேண்டும் அல்லது ஆட்களை மாற்ற வேண்டும். பத்தாவது மதராஸ் காலாட்படை இப்படித்தான் பர்மா ரைபிள்ஸாகி, கடைசியில் பத்தாவது கூர்க்கா ரைபிள்ஸாகவே போனது. 'தம்பி' என்று செல்லமாக அழைக்கப்படும் மதராஸ் சாப்பர்கள் (பாலம், பாதை அமைக்கும் பொறியாளர் படையினர்) மட்டும், அபிசீனியாவிலும் ஆப்கனிலும் செய்துகாட்டிய வேலையின் பலத்தில் பெரிதாக அடிபடாமல் தப்பினார்கள்.

இந்தத் தர்க்கத்தில் ஓட்டை எங்கே என்று பதக்கத்தை வைத்தே காட்டலாம். தெற்கே பல பத்தாண்டுகள் போரே இல்லை. போருக்கு அனுப்பாததால் கிளாஸ்ப் இல்லை. கிளாஸ்ப் இல்லாததால் வீரமில்லை. வீரமில்லாததால் அனுப்ப வேண்டாம். வட்டம் அழகாக மூடிக்கொள்கிறது. ஒரு கண் தெரியாத, குள்ளமான ஓர் ஆளை அவர் செய்ததை வைத்து எடைபோட்டது அந்த ராணுவம். அவரோ லட்சக்கணக்கான ஆட்களைப் பிறந்த ஊரை வைத்து எடைபோட்டார்.

போயர்கள் எனப்படும் டச்சு வம்சாவளிக் குடியேறிகளோடு தென்னாப்பிரிக்காவில் நடந்த போரில் அவர் கதை இன்னும் சிக்கலாகிறது. 1899 டிசம்பர் 15 அன்று கொலென்சோ சண்டையில், கைவிடப்பட்ட பீரங்கிகளை மீட்கப் பாய்ந்தவர்களில் அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே மகன் லெப்டினன்ட் பிரெடி ராபர்ட்ஸும் ஒருவர். படுகாயமடைந்து இரண்டு நாளில் இறந்தார். மகனுக்கும் விக்டோரியா கிராஸ். அப்பா-மகன் இருவருமே அதைப் பெற்ற குடும்பங்கள் மூன்றே மூன்று: ராபர்ட்ஸ், காங்கிரீவ், கஃப். கொலென்சோவில் காயம்பட்டவர்களைச் சுமந்தது, காந்தி திரட்டிய சுமார் 1,100 பேர் கொண்ட நேட்டால் இந்திய ஆம்புலன்ஸ் படை. லெப்டினன்ட் ராபர்ட்ஸின் உடலைக் களத்திலிருந்து சுமந்து வந்த பெருமை தங்கள் படைக்குக் கிடைத்ததாகக் காந்தி எழுதியிருக்கிறார். அந்தப் படையில் பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். நேட்டாலுக்கு அப்படிப் போனவர்களில் பெரும்பங்கினர் சென்னையில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும். 'போர்க்குணம் செத்துவிட்டது' என்று அவர் எழுதிய அதே மாகாணத்து ஆட்கள்.

மகன் இறந்த அதே நாட்களில் அப்பாவைத் தலைமைத் தளபதியாக நியமித்தார்கள். வயது அறுபத்தேழு. பார்டெபெர்க்கில் போயர் தளபதி குரோன்யே சரணடைந்தது 1900 பிப்ரவரி 27, பிரிட்டோரியா வீழ்ந்தது ஜூன் 5. தலைநகரங்கள் விழுந்ததும் போர் முடிந்தது என்று நினைத்தார். போயர்களின் பண்ணை வீடுகளை எரிக்கும் நடவடிக்கையும் அவர் காலத்தில்தான் தொடங்கியது. அந்த அவசர முடிவுக்கும் ஒரு பதக்கச் சாட்சி உண்டு. ராணியின் தென்னாப்பிரிக்கப் பதக்கத்தில் முதலில் '1899-1900' என்று தேதியையே பொறித்துவிட்டார்கள். போர் 1902 மே மாதம் வரை இழுத்தது. அடித்து வைத்திருந்ததில் எண்களைத் தேய்த்து அழிக்க வேண்டியதாயிற்று. சிலவற்றில் அந்த எண்களின் தடம் இன்றும் மங்கலாகத் தெரியும். சேகரிப்பாளர்கள் இவற்றை 'பேய்த் தேதி' பதக்கம் என்பார்கள்.

பதவியைத் தேடி வரும் அந்த நட்சத்திரங்கள், அதாவது 'ஆர்டர்' என்ற கௌரவ விருதுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாத், ஸ்டார் ஆப் இந்தியா, இந்தியன் எம்பயர், செயின்ட் பேட்ரிக், 1901இல் கார்ட்டர், 1902இல் புதிதாக உருவான பிரிட்டிஷ் ஆர்டர் ஆப் மெரிட் என்று பதவிக்கொன்றாக வந்தன. படங்களில் கண்ணைப் பறிக்கும் பெரிய நட்சத்திரங்கள் எல்லாம் இவைதான். கூடவே எர்ல் பட்டமும் பாராளுமன்றம் கொடுத்த ஒரு லட்சம் பவுனும். 1914 நவம்பரில், எண்பத்திரண்டு வயதில், பிரான்சில் போரிட்ட இந்தியத் துருப்புகளைப் பார்க்கப் போன இடத்தில் நிமோனியா கண்டு 14ஆம் தேதி செயின்ட் ஓமரில் இறந்தார். அதற்கு இரண்டு வாரம் முன்பு, அக்டோபர் 31 அன்று, அதே போர்முனையில் ஹோலபெக்கில் சிப்பாய் குதாதாத் கான் தன் இயந்திரத் துப்பாக்கியை விட்டு நகராமல் போரிட்டார். இந்திய ராணுவத்தின் இந்தியச் சிப்பாய்களில் முதல் விக்டோரியா கிராஸ் அவருக்குத்தான்.

ராபர்ட்ஸின் விக்டோரியா கிராஸும் மகனுடையதும் இப்போது லண்டன் செல்சியில் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நம் ஊர்ப் பழைய குடும்பங்களில் அகப்படக்கூடியது அந்த 1854 பதக்கம்தான், பெரும்பாலும் 'பர்மா 1885-7' கிளாஸ்போடு. அந்தப் போரில் மதராஸ் படைப்பிரிவுகள் நிறையப் போயின. அப்படி ஒன்று கையில் கிடைத்தால் ராணியின் முகத்தை விட்டுவிட்டு விளிம்பைத் திருப்பிப் பாருங்கள்: எண், பெயர், படைப்பிரிவு எல்லாம் அங்கேதான் இருக்கும். வெள்ளி என்றால் சிப்பாய். வெண்கலம் என்றால் படையோடு போன சுமைதூக்கி, சமையல்காரர் போன்றவர். அவர்களுக்கு வெண்கலத்தில் கொடுக்கத் தொடங்கியதே இந்த பர்மாப் போரில்தான். எதுவானாலும் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், முதலில் அழிவது அந்தப் பெயர்தான்.